கருவாட்டுக்காரி வாங்கிய வாசனைக் குச்சிகள்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே கருவாட்டுக் கடை, மேலே குடித்தனம். நெத்திலி, வாளை, சுறா, திருக்கை, சென்னாக்குன்னி என்று மூட்டையும் கூடையுமாகக் கீழே அடுக்கியிருக்கும். இதைக் கேட்டவுடன் எல்லாரும் மனதுக்குள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். தாராளமாகப் பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் படியேறி மேலே வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். என் வீட்டில் கவுச்சி துளி இருக்காது. முதன்முறை வருகிறவர்கள் ஹாலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கீழ கருவாட்டுக் கடை இருக்குறதே தெரியலையே" என்று சொல்லாமல் போனதில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே நான் பல பேரை மேலே கூப்பிட்டுக் காபி கொடுத்திருக்கிறேன்.

அது தானாக வந்ததில்லை. கடைக்குத் தனிப் புடவை, வீட்டுக்குத் தனிப் புடவை. படிக்கட்டுக்கு அடியில் ஒரு குழாய் போட்டிருக்கிறேன். புளியும் கல்லுப்பும் வைத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவாமல் முதல் படியில் கால் வைக்க மாட்டேன். என் வீட்டுக்காரருக்கும் அதே சட்டம்தான். அவர் கெடார் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சில்லறை பாக்கியைக்கூட மறக்காத மனிதர், கைகழுவ மட்டும் மறந்துவிடுவார். பாதிப் படியிலிருந்து எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இந்த ஒழுங்குக்கெல்லாம் காவல் என் மூக்குதான். நான் மரக்காணம் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தவள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் கருவாடு தெரியும். ஆனால் என் மூக்கு வேறு. சும்மா சொல்லவில்லை. கூடையைப் பிரிக்க வேண்டாம், மேலே கட்டியிருக்கிற சாக்கைத் தூக்கினால் போதும். மணலில் போட்டுக் காயவைத்ததா, வலை விரித்துக் காயவைத்ததா, உப்பில் கஞ்சத்தனம் பண்ணினார்களா, பனியில் ஒரு ராத்திரி கிடந்ததா, பழசைப் புதுசோடு கலந்தார்களா, எல்லாம் சொல்லிவிடுவேன். ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிற பெண்கள் என் கடையில் சரக்கைத் திருப்பிப் பார்க்கக்கூட மாட்டார்கள். "அக்கா, நீ பாத்துட்டியா?" என்று கேட்பார்கள். "பாத்துட்டேன்" என்றால் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கடைக்குச் சரக்கு வருகிற எங்கள் குப்பத்தில் எனக்கு மூக்குக்காரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் திட்டுவதற்காக வைத்த பெயர்தான், ஆனால் எனக்கு அது கழுத்தில் நகை போட்ட மாதிரி.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலில் போய்விட்டது.

காய்ச்சல் விட்டுக் கடைக்கு இறங்கின முதல் நாள் சுறா மூட்டையைப் பிரித்தேன். சுறா என்றால் தெருமுனையில் நிற்கிறவனுக்கும் தெரியும். எனக்கு ஒன்றும் வரவில்லை. முகத்தையே சாக்குக்குள் விட்டுப் பார்த்தேன். மூட்டை நிறைய அட்டையைக் கிழித்துப் போட்டிருப்பது மாதிரி இருந்தது. நெத்திலியைத் திறந்தேன், திருக்கையைத் திறந்தேன், கடைசியில் கடை மூலையில் இருந்த மண்ணெண்ணெய் கேனைத் திறந்தேன். எல்லாம் ஒன்றுதான். அன்றைக்கு எனக்கு வந்த பயம் காய்ச்சலில்கூட வரவில்லை.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள், அவளிடம்கூட முதலில் சொல்லவில்லை.

"குப்பத்துல தெரிஞ்சா இன்னாங்க ஆவும்?" என்றேன்.

"இன்னா ஆவும்? பாவம்னு சொல்லுவாங்க."

"பாவம்னு சொல்லிட்டு, கூடைக்கு அடியில குப்பைய வெச்சுக் கட்டுவாங்க. நான் எத்தினி பேரு சரக்க மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பியிருக்கேன். சும்மா வுடுவாங்களா?"

உண்மை அதுதான் என்று அவருக்கும் தெரியும். "இது மனுஷன் தின்றதா?" என்று பத்து பேர் முன்னால் கேட்கிற வாய் என்னுடையது. மூக்கு இருந்தவரைக்கும் அந்த வாய்க்கு மரியாதை இருந்தது. மூக்கு போனது தெரிந்தால் என் பெயர் போய்விடும், பெயர் போனால் கடை போய்விடும். அதனால் மூக்கு இருக்கிற மாதிரியே நடந்துகொள்வது என்று முடிவு செய்தேன். சரக்கு வரும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பார். நல்ல சரக்கு என்றால் ஒரு இருமல், சந்தேகம் என்றால் இரண்டு. நான் வழக்கம்போலக் குனிந்து முகர்வேன், கண்ணை மூடுவேன், இருமலுக்குக் காத்திருப்பேன். ஆயுள் பூராவும் டீசல் புகையில் நின்றவர் மூக்கு எவ்வளவு தூரம் வேலை செய்யும்? ஒருநாள் கடலைமாவு மாதிரி மணக்கிறது என்று ஒரு நெத்திலியைப் பற்றிச் சொன்னார். தலையில் அடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை எனக்கு.

கடையையாவது இப்படிச் சமாளித்தேன். மேலே வீட்டை என்ன செய்வது? வாடை வருகிறதா இல்லையா என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது. புளியைப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் கை சுத்தமாகிவிட்டதா என்று தெரியவில்லை. யாராவது படியேறி வந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒருத்தர் மூக்கைச் சொறிந்தால் போதும், ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பேன். "வாடை வருதாங்க?" என்று வீட்டுக்காரரை ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்டேன்.

"வரலமே. சத்தியமா வரல."

"உங்க மூக்க நம்பி இன்னா பண்றது?"

"அப்பறம் ஏன் என்னயே கேட்டுக்கினு இருக்க? பேஜாரு புடிச்ச பொம்பள."

மகளிடம் ஒருநாள் போனில் உடைந்துபோய்ச் சொல்லிவிட்டேன். அவள்தான் இரண்டு வழி சொன்னாள். ஒன்று, விழுப்புரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பது. இன்னொன்று, வீட்டுக்கு ரீட் டிஃப்யூசர் வாங்குவது. அது என்னவென்று கேட்டேன். சின்னக் கண்ணாடி பாட்டிலில் வாசனை எண்ணெய் இருக்குமாம், அதில் நாலைந்து மெல்லிய குச்சிகளைச் செருகி வைத்தால் குச்சி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவந்து வாசனையைக் காற்றில் விடுமாம். நெருப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம், புகை இல்லை. "நீ பயப்படாம இருக்கலாம்மா. வீடு எப்பவும் வாசனையா இருக்கும்" என்றாள். அந்த எப்பவும் என்கிற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடிக்க விழுப்புரம் போனோம். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். மாத்திரையை விட முக்கியமாக ஒரு பயிற்சி சொன்னார். வெவ்வேறு மாதிரியான நாலு வாசனையை எடுத்துக்கொண்டு, தினமும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அது என்ன வாசனை என்று மனதில் நினைத்துப் பார்க்க வேண்டுமாம். மாதக்கணக்கில் செய்ய வேண்டும். நான் தலையாட்டினேன். முகர்ந்தால் வராததால்தானே வந்திருக்கிறேன், முகரச் சொல்கிறாரே என்று வெளியே வந்து வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

அந்த எரிச்சலோடுதான் பஜாரில் ஒரு ஃபேன்ஸி கடைக்குள் நுழைந்தோம். மாடியில் ஒரு அலமாரி முழுக்க இந்தப் பாட்டில்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தன. வீட்டுக்காரர் ஒன்றைக் கையில் எடுத்து, "ஊதுபத்தி ஏன்மா எண்ணெயில ஊற வெச்சிருக்கீங்க? பத்திக்குமா?" என்று கேட்டார். கடைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள்.

பிறகு சின்னச் சின்ன அட்டைத் துண்டுகளில் எண்ணெயைத் தொட்டு என்னிடம் நீட்டினாள். முகர்ந்து பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றாள். என் வாழ்க்கையில் எத்தனை பேர் என் முன்னால் எதையாவது நீட்டித் தீர்ப்புக்குக் காத்திருந்திருக்கிறார்கள்! அப்போதெல்லாம் நான் அரசி. இப்போது ஒரு இருபது வயதுப் பெண் நீட்டிய அட்டைக்கு முன்னால் எனக்கு வியர்த்தது. எனக்கு வாசனை தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணை மூடி, இழுத்து, "ம்ம், இது கொஞ்சம் தித்திப்பா இருக்குது" என்றேன். "அது எலுமிச்சம்புல்லுங்க" என்றாள் அவள் மெதுவாக. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்தது கடல் காற்று என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலை பாட்டிலில் அடைத்துக் கடலோரத்துக்காரியிடமே விற்கிறார்கள். வீட்டுக்காரர் காதில், "கடல் மாதிரியா இருக்குது?" என்று கேட்டேன். அவர் முகர்ந்துவிட்டு, "புதுசா பிரிச்ச சோப்பு மாதிரி இருக்குது. உங்க ஊரு கடல யாரோ துவைச்சு காயப்போட்டுட்டாங்கமே" என்றார். அதையும் எடுத்துக்கொண்டேன். மல்லி ஒன்று, எலுமிச்சம்புல் ஒன்று, கடல் காற்று ஒன்று. எப்படி வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்ல ஆரம்பித்தாள். "எங்களுக்குத் தெரியும்மா" என்று பையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். எனக்கு இருக்கிற கெட்ட குணங்களில் இந்த 'எங்களுக்குத் தெரியும்' என்பதுதான் அதிகம் செலவு வைத்தது.

வீட்டுக்கு வந்து மூன்று பாட்டிலையும் ஹாலிலேயே வைத்தேன். டப்பாவில் வந்த குச்சிகள் எல்லாவற்றையும் செருகினேன். குறைத்துச் செருக நான் என்ன கஞ்சப் பயலா? வாசனை நாலா பக்கமும் போகட்டும் என்று ஃபேனுக்கு நேர் கீழே ஒன்று, ஜன்னல் வெயிலில் ஒன்று, டிவி மேஜை மேல் ஒன்று. குச்சியைத் திருப்பிப் போட வேண்டும் என்று மகள் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்பானேன்? கருவாடு காயப்போடுகிறவளுக்குத் திருப்பிப் போடுவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் மறு பக்கம். சின்ன வயதில் களத்தில் குனிந்து திருப்பின அதே கை, அதே கணக்கு. காலையில் பல் தேய்த்ததும் குச்சிகளைத் தலைகீழாக மாற்றுவேன், சாயங்காலம் விளக்கேற்றும் முன் மறுபடி மாற்றுவேன். விரலெல்லாம் எண்ணெய். டிவி மேஜையில் வழிந்து வார்னிஷ் வட்டமாக உரிந்தது. இரண்டு மாதம் வரும் என்று எழுதியிருந்த பாட்டில் பன்னிரண்டு நாளில் காய்ந்துபோனது. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டு, ஊற்றுகிற எண்ணெயைத் தனியாக வாங்கி நிரப்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் குப்பத்திலிருந்து சரக்கு கொண்டுவருகிறவள் ஒரு மத்தியானம் மேலே வந்தாள். எனக்குத் தங்கச்சி முறை. எங்கள் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து காய வைப்பதை அவள்தான் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவாள். வாயில் என்னைவிட ஒரு படி மேல். சரக்கைக் குறை சொன்னால் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சண்டைக்கு நிற்பாள். அன்றைக்கு வெயில் தாங்கவில்லை, தண்ணி குடிக்க ஏறி வந்தாள். கதவுக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது! தலைய சுத்துது."

"மக வாங்கச் சொன்னா. வாசனைக் குச்சி. எப்டி இருக்குது?" என்றேன் பெருமையாக.

அவள் மூன்று பாட்டிலையும் பார்த்தாள். கொத்தாக நிற்கிற குச்சிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லாகீதுக்கா" என்று சொல்லித் தண்ணியைக் குடித்துவிட்டு இறங்கிப் போனாள். இவளையே வாயடைக்க வைத்துவிட்டது என் வீட்டு வாசனை என்று நான் பூரித்துப்போனேன்.

அதற்கு அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த வாளையைப் பிரிக்கும்போது, எங்கிருந்தோ வந்த மிளகாய் நெடி ஏறி வீட்டுக்காரர் நிஜமாகவே இருமித் தொலைத்தார். இரண்டு இருமல். நான் முகத்தைச் சுளித்து, "இத எடுத்துக்கினு போ, வாணாம்" என்றேன். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் ஒன்றும் பேசாமல் கூடையை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகுதான் அது நிஜ இருமல் என்று அவர் சொன்னார். அன்று சாப்பிடும் வரைக்கும் நான் அவருடன் பேசவில்லை.

மகள் லீவில் வந்தாள். கதவைத் திறந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள். "அம்மா, இது வீடா, சென்ட் கடையா? கண்ணு எரியுது. இவ்ளோ வாசனை இருந்தா எதையோ மறைக்கிறாங்கன்னுதான் நெனைப்பாங்க." சுருக்கென்றது. கெட்ட சரக்கில் மஞ்சளை அதிகமாகத் தடவிக் கொண்டுவந்தால் நானே அப்படித்தானே நினைப்பேன்? இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர்களிடம் கண்டுபிடித்ததை என் வீட்டு ஹாலிலேயே செய்து வைத்திருக்கிறேன்.

அவள் உட்கார்ந்து பொறுமையாக எல்லாவற்றையும் மாற்றினாள். சின்ன அறைக்கு மூன்று குச்சி, ஹாலுக்கு நாலைந்து. ஒரு அறைக்கு ஒரே வாசனை. ஃபேனுக்கும் வெயிலுக்கும் எட்டி, ஆள் வந்துபோகிற வழியில், கை தட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அடியில் ஒரு பீங்கான் தட்டு. திருப்பிப் போடுவது வாரத்துக்கு ஒரு முறை போதும், அதுவும் பேப்பரைச் சுற்றிப் பிடித்து. குச்சியில் தூசி அடைத்துவிட்டால் புதுக் குச்சி. நான் குறித்துக்கொள்ளவில்லை, ஆனால் இந்த முறை வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

போகும்போது அவள்தான் சொன்னாள். "டாக்டர் நாலு வாசனை சொன்னாருல்ல? மூணு வீட்லயே இருக்கு. சந்தனம் ஒண்ணு வாங்கிக்கோ. தெனம் இதையே மோந்து பாரும்மா. வந்தா வரட்டும்."

அப்படித்தான் பயிற்சி ஆரம்பித்தது. காலையில் கடை திறக்கும் முன்னால் நான் சமையலறை முக்காலியில் கண்ணை மூடி உட்காருவேன். வீட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு குச்சியை எடுத்து வந்து மூக்குக்குக் கீழே காட்டுவார்.

"இது எந்த ஸ்டாப்பிங்?"

"மல்லி."

"தப்பு. எறங்கு. இது?"

"சந்தனம்."

"அதுவும் தப்பு. டிக்கெட்டு இல்லாம எவ்ளோ தூரம்தான் வருவ?"

முதல் மாதம் சிரித்தேன். இரண்டாவது மாதம் பல்லைக் கடித்தேன். மூன்றாவது மாதம் ஒருநாள் அவர் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி இரண்டாக ஒடித்துப் போட்டுவிட்டு அழுதேன். நான் அழுது யாரும் பார்த்ததில்லை. அம்மா செத்தபோதுகூட ஆளில்லாத இடத்துக்குப் போய் அழுதவள் நான். அவர் ஒடிந்த குச்சியைப் பொறுக்கினார், முகத்தில் எண்ணெய் தெறித்திருந்ததைத் துண்டால் துடைத்துவிட்டார். "நாளைக்குப் பாக்கலாம். பஸ்ஸு எங்கயும் போய்டல" என்றார். இதில் ஒரு வேடிக்கை, தினமும் குச்சிகளோடு புழங்கியதில் அவர் மூக்கு கூர்மையாகிவிட்டது. கடையில் இருமுவதில் ஒரு தெளிவும் திமிரும் வந்திருந்தது.

கடையும் ஒழுங்காக நடந்தது. அதைச் சொல்ல வேண்டும். ஏழு மாதம் ஒரு கூடை திரும்பி வரவில்லை, ஒரு பேச்சு வரவில்லை. ஒலக்கூர் பக்கத்துப் பெண்கள் எப்போதும் போல "பாத்துட்டியாக்கா?" என்றார்கள், நானும் "பாத்துட்டேன்" என்றேன். மூக்கு இல்லாமலே கையாலும் கண்ணாலும் ஒரு ஆளின் இருமலாலும் கடையை நடத்திக் காட்டிவிட்டேன் என்று எனக்குள்ளே பெருமை பொங்கியது. யார் செய்வார்கள் இதை?

மாற்றம் எலுமிச்சம்புல்லில்தான் தெரிந்தது. ஒருநாள் குச்சி முன்னால் வந்ததும் மூக்கின் மேல்பக்கத்தில் சின்னதாக ஒரு குத்தல். வாசனை என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் மல்லி வந்தது, ஆனால் எரிந்த டயர் மாதிரி வந்தது. "ஐயே, கருகுது" என்று முகத்தைத் திருப்பினேன். வீட்டுக்காரர் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டே குதித்தார். நரம்பு திரும்பும்போது ஆரம்பத்தில் இப்படி மாறித்தான் தெரியும் என்று டாக்டர் போனில் சொன்னார். அதன்பின் ஒவ்வொரு வாரமும் ஒரு திரை விலகியது. கருகல் போய் மல்லி வந்தது. சந்தனம் வந்தது. கடல் காற்று கடைசியாக வந்தது, வீட்டுக்காரர் சொன்னது சரிதான், சோப்பு. பாட்டில் புதிதாக இருக்கும்போது வாசனை எப்படித் தூக்கலாக வரும், மூன்றாவது வாரத்தில் எப்படி மெலியும், எண்ணெய் அடிக்கு வரும்போது எப்படிப் பழசாகும் என்றெல்லாம் பார்க்காமலே சொன்னேன். ஆனால் கடையில் இன்னும் அவர் இருமலை வைத்துத்தான் ஓட்டினேன். மூக்கை நம்பிக் கருவாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லப் பயமாக இருந்தது. பொய்யாகிவிட்டால் தாங்க மாட்டேன் என்று இருந்தது.

போன மாதம் ஒருநாள் காலையில் குப்பத்துத் தங்கச்சி நெத்திலி கொண்டுவந்தாள். நல்ல வெள்ளிக் கலர், பதமாகக் காய்ந்திருந்தது. ஒலக்கூர்க்காரிகள் மூன்று பேர் கூடைகளோடு காத்திருந்தார்கள். நான் சாக்கைத் தூக்கினேன், குனிந்தேன். மேலிருந்து வந்தது சுத்தமான உப்பும் வெயிலும். அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அந்த வாசனை அவ்வளவு தெளிவாக வந்தது. கண் கலங்கியது, அப்படியே நின்றேன். பின்னால் வீட்டுக்காரர் கம்பீரமாக ஒரு இருமல் இருமினார். நல்ல சரக்கு என்று அர்த்தம்.

நான் நிமிரவில்லை. அந்த நல்ல வாசனைக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. மெல்லிசாக, ஒரு ஓரத்தில். காறல். ஈரம் பட்டு மூடிக் கிடந்த பழைய நெத்திலியின் காறல்.

எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அவர் மறுபடி ஒரு முறை இருமினார். நான் கையைத் தூக்கி அவரை நிறுத்தினேன். முழங்கை வரைக்கும் கூடைக்குள் கையை விட்டு, அடியில் இடது பக்கத்தில் ஒரு கைப்பிடி அள்ளி வெளியே எடுத்துத் தரையில் போட்டேன். ஓரமெல்லாம் பழுப்பேறி நமத்திருந்தது.

"மேல பூரா நல்ல சரக்கு. இது இன்னா? இது மனுஷன் தின்றதா?"

அவள் தரையில் கிடந்த நெத்திலியைப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"வந்துடுச்சாக்கா உனக்கு?"

"இன்னா வந்துடுச்சு?"

"மூக்கு."

வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். நான் சொல்லவில்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

"அவரு சொல்லலக்கா. அன்னிக்குத் தண்ணி குடிக்க மேல வந்தேன் பாரு, அப்பவே தெரிஞ்சிடுச்சு. மூக்கு இருக்குற யாராவது அந்த வாசனைக்குள்ள குடித்தனம் பண்ண முடியுமா? அதுவும் நீயி?"

"அப்ப குப்பத்துல..."

"எல்லாருக்கும் தெரியும். இந்த ஏழு மாசமா கூடை கட்டறதுக்கு முன்னாடி நாங்க நாலு பேரு உக்காந்து மோந்து பாத்துப் பாத்து தள்ளிட்டுதான் கட்டுவோம். நீ இன்னா திருப்பி அனுப்புவியோ அதெல்லாம் நாங்களே எடுத்துடுவோம். உன் பேரு கெட்டுடக் கூடாதுல்ல."

"அந்த வாளைய நான் சும்மாவே திருப்பி அனுப்பினேனே, அப்ப ஏன் சும்மா போன?"

"சண்ட போட்டா நீ மாட்டிக்குவியேன்னுதான் போனேன்."

ஒலக்கூர்க்காரிகள் மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது. முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல்தான் எப்போதும் கோபம். நான் நடத்திக் காட்டினேன் என்று நினைத்த ஏழு மாதமும் என்னை இவர்கள் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். கோபம் வாய் வரைக்கும் வந்து, அங்கே வேறு என்னவோ ஆகிப்போனது. நான் திட்டாத பெண் அந்தக் குப்பத்தில் ஒருத்திகூட இல்லை. அவர்கள்தான் எனக்காக உட்கார்ந்து முகர்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள் என்று எனக்கு அன்றைக்கு வந்த பெருமை, வீடு கட்டினபோது வரவில்லை.

"அப்ப இன்னிக்கு ஏன்டி பழச வெச்ச?" என்றேன். குரல் நான் நினைத்த அளவுக்கு உயரவில்லை.

"போன வாரம் மேல வந்தேன்ல? நீ பேசிக்கினே, தூக்கலா இருக்குதுன்னு ஒரு பாட்டில்லேர்ந்து ரெண்டு குச்சிய உருவிட்ட. அப்பவே ஒரு டவுட்டு. கேட்டா சொல்லுவியா நீ? அதான் ஒரு கை அடியில வெச்சுப் பாத்தேன்." சொல்லிக்கொண்டே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, குப்பத்துக்குப் பேசினாள். "கண்டுபுடிச்சிட்டாங்கடி! ஒரு கைதான் வெச்சேன், கரெக்டா அள்ளி வெளிய போட்டாங்க. இனிமே நாம மோந்து பாக்க வாணாம்."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். அதற்குள்ளிருந்து ஒருத்தி, "போச்சுடா, இனிமே மறுபடியும் அது கையில திட்டு வாங்கணுமா!" என்று சலித்துக்கொள்வது கேட்டது.

"வாங்கித்தான் ஆவணும்!" என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இங்கிருந்தே கத்தினேன்.